ஒரு வீட்டில் இரண்டு நாய். ஓயாத சக்களத்திச் சண்டை

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி, பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு விடலைத் தேங்காய் போட்டுவிட்டு, சாலைக் கம்போளம் பக்கம் நடப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். கடைக் கதவுகள் திறக்குமுன் வாசற்படிகளில் சுருண்டு கிடக்கும் நாய்களில் பலவற்றுக்கு, பின்புறச் சந்துகளில் ஏதோ ஒரு வீட்டின் சோறு உண்டு. பெயரும் உண்டு. பார்ப்பவர் கண்ணுக்கு அவை தெரு நாய்கள். சோறு போடும் வீட்டுக்கோ அவை வீட்டு நாய்கள்.

நம்மவர்களுக்கு நாய் வளர்ப்பது புதிதல்ல. நாகர்கோவிலிலும் திருநெல்வேலியிலும் வயற்காட்டுக் காவலுக்கு நாய் இல்லாத வீடு அபூர்வம். ஆனால் அந்தப் பேச்சை இங்கே எடுத்தால் ஒரு சிறு தர்மசங்கடம் வந்து சேரும். மலையாளத்தில் நாய்க்கு 'பட்டி' என்று பெயர். கோவில்பட்டி, உசிலம்பட்டி என்று சொந்த ஊரைச் சொன்னவுடன் பக்கத்து மேஜை மலையாளி நண்பர் வாய்க்குள் சிரிப்பதை எத்தனையோ குமாஸ்தாக்கள் பார்த்திருப்பார்கள்.

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். பல வீடுகளில் சிரிக்க முடியாத சங்கதி ஒன்று நடக்கிறது. ஒரு நாய் இருந்தவரை அமைதியாக இருந்த வீடு, இரண்டாவது நாய் வந்த பிறகு போர்க்களமாகிவிடுகிறது.

இப்படி ஒரு வீட்டை நினைத்துக்கொள்வோம். வரிசை வீடுகளில் ஒன்று. முன்னால் ஒரு திண்ணை, உள்ளே ஓர் அறை, அதற்கப்பால் அடுக்களை, பின்னால் நாலடி முடுக்கு. கணவன் கம்போளத்தில் பலசரக்குக் கடைக் கணக்கர். ஆறு வருடத்துக்கு முன்பு மழையில் நனைந்து வந்து திண்ணையில் ஒதுங்கிய நாட்டு நாய்க்கு மணி என்று பெயர் வைத்து வளர்த்தார்கள். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது மச்சான் ஆசையாக ஒரு ராஜபாளையம் குட்டியைக் கொடுத்தனுப்பினார். அது டைகர். குட்டி காலடியில் உருண்டபோது மணி பொறுத்துக்கொண்டது. டைகருக்கு ஒன்றரை வயது ஆனதும் பொறுமை போய்விட்டது. கணவன் வேலை முடிந்து படியேறியதும் இரண்டும் பாய்ந்து வரும், யார் முதலில் என்பதில் உறுமல், உறுமல் கடியாகும். ஒரு நாள் இடையில் புகுந்த சிறுவனின் கையில் பல் பதிந்தது.

"இனி ஒரு நாள் இது இங்கே இருக்கக் கூடாது. கரமனைப் பக்கம் கொண்டுபோய் விட்டுட்டு வாங்க" என்கிறாள் மனைவி. "எதை விட?" என்று கேட்கிறார் கணவன். அதற்குப் பதில் இல்லை. ஒன்று ஆறு வருடம் வாசல் காத்தது. மற்றொன்று மைத்துனர் கொடுத்தது.

கற்பனையில் அமைத்த வீடுதான். ஆனால் இரண்டு நாய் வளர்க்கும் வீடுகளில் இந்தக் கேள்வி ஏதோ ஒரு வடிவில் எழாமல் இருப்பதில்லை. கொண்டுபோய் விடுவது பிரச்னையைத் தீர்க்காது. வீட்டுச் சோற்றில் வளர்ந்த நாய் தெருவில் பிழைக்கத் தெரியாமல் அலையும். பசித்தால் யாரையாவது கடிக்கும். வளர்த்த பிராணியை நியாயமான காரணமின்றிப் பட்டினிக்கு ஆளாகும்படி கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடைச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான் என்பது அந்தச் சட்டத்தின் வேடிக்கை. ஆனால் அடித்துக் கொன்றாலோ ஊனமாக்கினாலோ கதை வேறு. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதீய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவில் ஐந்து வருடம் வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு.

பொறாமை மெய்யா?

நாய்க்குப் பொறாமை உண்டா என்று கேட்டால் வீட்டுப் பெண்கள் சிரிப்பார்கள். "இதுக்கு ஒரு ஆராய்ச்சி வேணுமா?" என்பார்கள். ஆனால் ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள்.

2014-இல் அமெரிக்காவில் சாண்டியாகோ நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டின் ஹாரிஸ், கரோலின் ப்ரூவோ என்ற இரு பெண்மணிகள் 36 நாய்களை வைத்துச் சோதித்தார்கள். வளர்ப்பவர் தம் நாயைக் கண்டுகொள்ளாமல், குரைத்து வாலாட்டும் ஒரு பொம்மை நாயைக் கொஞ்ச வேண்டும். அடுத்து ஒரு பூசணிக்காய் உருவ வாளியைக் கொஞ்ச வேண்டும். பிறகு ஒரு குழந்தைப் புத்தகத்தை உரக்கப் படிக்க வேண்டும். பொம்மை நாயைக் கொஞ்சியபோது நூற்றுக்கு 78 நாய்கள் வளர்ப்பவரை முட்டித் தள்ளின. வாளிக்கு 42; புத்தகத்துக்கு 22. நாலில் ஒரு நாய் பொம்மையைக் கடிக்கவே பாய்ந்தது. பெரும்பாலான நாய்கள் பொம்மையின் வால்பக்கத்தை முகர்ந்து பார்த்தனவாம். அதை மெய்யான நாய் என்றே நம்பியிருக்கின்றன என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

2021-இல் நியூசிலாந்தின் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் அமாலியா பாஸ்டோஸ் குழுவினர் 18 நாய்களைக் கொண்டு இன்னொரு படி போனார்கள். போலி நாயை ஒரு தடுப்புக்குப் பின்னால் மறைத்து வைத்து, அதை எஜமானர் தடவுவது போல் செய்தார்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் நாய்கள் கயிற்றைப் பலமாக இழுத்தன. அதாவது மறைவில் என்ன நடக்கிறது என்று அவை மனத்தில் எண்ணிப் பார்க்கின்றன. அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு நாயைக் கொஞ்சினால் மற்றதற்குத் தெரியாது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இவற்றையெல்லாம்விட நமக்குப் பயன்படக்கூடியது 2008-இல் வியன்னாவில் பிரீடெரிக்கே ரேஞ்ச் குழுவினர் செய்த சோதனை. இரண்டு நாய்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து, 'கை கொடு' என்று கேட்டார்கள். ஒன்றுக்கு மட்டும் தின்பண்டம் கொடுத்து மற்றதைச் சும்மா விட்டால், கிடைக்காத நாய் சீக்கிரமே கை கொடுப்பதை நிறுத்திவிட்டது. சரி, ஒன்றுக்கு இறைச்சியும் மற்றதற்கு ரொட்டியும் கொடுத்தால்? அதைப் பொருட்படுத்தவில்லை. ஏதாவது கிடைத்தால் போதும் என்று இரண்டும் கை கொடுத்துக்கொண்டே இருந்தன.

மாதச் சம்பளக்காரர்களுக்கு இது நல்ல சேதி. டைகருக்குக் கடையில் வாங்கிய தீவனமும் மணிக்குப் பழையதும் என்பதற்காக மணி கோபித்துக்கொள்வதில்லை. டைகருக்குக் கொடுக்கும் நேரத்தில் மணிக்கு ஒன்றுமே இல்லை என்றால்தான் வம்பு.

சண்டை எப்போது மூளுகிறது?

ஒரே வீட்டு நாய்களுக்குள் நடக்கும் சண்டைகளைப் பற்றி அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் 38 ஜோடிகளைப் பின்தொடர்ந்து 2011-இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று உண்டு. ஏறக்குறைய ஐந்தில் நாலு ஜோடிகள் ஒரே பாலைச் சேர்ந்தவை. ஆணும் ஆணும் மோதுவதுதான் அதிகம் என்று நாம் நினைப்போம். ஆனால் மூன்றில் இரண்டு ஜோடிகளுக்கு மேல் பெட்டை நாய் இருந்தது. சண்டையைத் தொடங்கியது பெரும்பாலும் இளையது, அல்லது வீட்டுக்குப் பிந்தி வந்தது. காரணங்களில் முதலிடம் எஜமானரின் கவனத்துக்கும் சோற்றுக்கும். அதற்கு அடுத்தது பரபரப்பு, வழியில் அகப்பட்ட எலும்பு, துணி போன்ற பொருட்கள்.

பரபரப்பு என்பதை நம் வீடுகளில் வைத்துப் பார்த்தால் உடனே விளங்கும். கணவன் வேலை முடிந்து வரும் நேரம், வாசலில் மீன்காரர் குரல், தபால்காரர் மணி, விருந்தாளி வந்து செருப்பைக் கழற்றும் வேளை. நாலடி அகல வாசலில் இரண்டு நாய்கள் ஒரே சமயத்தில் நுழைய முயன்றால் தோளோடு தோள் இடிக்கத்தானே செய்யும்? பங்களா வீட்டு நாய்க்கு விலகிப் போக இடம் இருக்கிறது. வரிசை வீட்டு நாய்க்கு இல்லை. இங்கே சண்டை அதிகமாகத் தோன்றுவதற்கு நாயின் குணத்தைவிடச் சுவர்களின் நெருக்கமே பெரிய காரணம்.

குட்டி வந்த புதிதில் ஒற்றுமையாக இருந்தவை ஒன்றரை, இரண்டு வயதில் ஏன் மாறுகின்றன என்று பலர் திகைக்கிறார்கள். குட்டிக்குச் சலுகை உண்டு. வளர்ந்து பருவம் எய்திய நாய்க்கு அந்தச் சலுகையை மூத்தது கொடுப்பதில்லை. ஒன்று முதல் மூன்று வயதுக்குள்தான் பெரும்பாலும் இந்தப் போட்டி தலைதூக்குகிறது. பெட்டை நாய் சூட்டில் இருக்கும் மூன்று வாரமும் இரட்டிப்பு ஆபத்து. அப்போது வீட்டு நாய்களை மட்டுமின்றித் தெருவிலிருந்து வரும் கடுவன்களையும் சமாளிக்க வேண்டியிருக்கும்.

திடீரென்று மாறிய நாயை வேறு கண்ணோடு பார்க்க வேண்டும். பல வருடம் சாதுவாக இருந்த மூத்த நாய், தொட்டால் சீறுகிறது என்றால் அதற்குப் பொறாமை என்று பெயர் சூட்டுமுன் காதில் சீழ் இருக்கிறதா, இடுப்பில் வலி இருக்கிறதா, பல் சொத்தையா என்று கால்நடை மருத்துவரிடம் காட்டுவது அவசியம். வலியுள்ள நாய் இடித்துக்கொண்டு ஓடிவரும் இளையதைக் கடிக்கத்தான் செய்யும். தடுப்பூசி போடாத நாய் காரணமில்லாமல் கண்டதையும் கடித்து, எச்சில் ஒழுக்கி, தண்ணீரும் குடிக்க முடியாமல் இருந்தால் அதன் அருகில் யாரும் போகக் கூடாது. உடனே கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தகவல் கொடுக்க வேண்டும்.

வாலாட்டுவதெல்லாம் நட்பல்ல

சண்டைக்கு முன்னால் நாய் சொல்லிவிட்டுத்தான் சண்டை போடுகிறது. நமக்குத்தான் காது கேட்பதில்லை. உடம்பு கட்டையாக விறைக்கும். கண் இமைக்காமல் மற்றதையே பார்க்கும். மற்றதன் தோள்மீது தலையையோ முன்காலையோ வைக்கும். கதவு நடுவில் குறுக்கே படுத்துக்கொண்டு வழிவிடாது. வாலை உயர்த்தி விறைப்பாக மெதுவாக ஆட்டும். 'வாலாட்டுகிறதே, சந்தோஷமாக இருக்கிறது' என்று பெரியவர்களே ஏமாறும் இடம் இது. எதிரே இருக்கும் நாய் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், உதட்டை நக்கும், காரணமில்லாமல் கொட்டாவி விடும். அந்தக் கட்டத்திலேயே ஒரு நாயைப் பெயர் சொல்லி வேறு பக்கம் கூப்பிட்டுவிட்டால் பாதிச் சண்டை வராது.

உறுமினால் அடிப்பது நம்மவர் வழக்கம். அது சரியான வழக்கமல்ல. அடி வாங்கிய நாய் உறுமுவதை விட்டுவிடும், கடிப்பதை விடாது. அடுத்த தடவை எச்சரிக்கை இல்லாமல் பாயும். தவிரவும், மற்ற நாய் பக்கத்தில் வந்தபோதெல்லாம் முதுகில் பிரம்பு விழுகிறது என்று அது கணக்குப் போட்டுக்கொண்டால், பகை இன்னும் கூடும்.

'அவையே அடித்துக்கொண்டு தீர்த்துக்கொள்ளட்டும்' என்று விட்டுவிடுவதும் தவறு. நாய்க்கூட்டத்தில் ஒரு தலைவன் இருப்பான், அடித்துக்கொண்டால்தான் தலைவன் யார் என்று தீரும் என்ற எண்ணம் ஓநாய்களைப் பற்றிய பழைய ஆராய்ச்சியிலிருந்து வந்தது. 1947-இல் ருடால்ப் ஷெங்கெல் என்பவர் அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியது அது. டேவிட் மெக் என்ற அமெரிக்க நிபுணர் 1970-இல் தம் நூலில் அதைப் பரப்பினார். பின்னர் காட்டில் சுதந்திரமாகத் திரியும் ஓநாய்களை வருடக்கணக்கில் கண்ட பிறகு, அங்கே இருப்பது தாய், தகப்பன், குட்டிகள் கொண்ட சாதாரணக் குடும்பம்தான் என்று 1999-இல் அவரே திருத்தி எழுதினார். எழுதியவர் விட்டாலும் படித்தவர்கள் விடுவதாக இல்லை. நாயைக் குப்புறத் தள்ளி 'நான்தான் தலைவன்' என்று காட்டச் சொல்லும் ஆசாமிகள் இன்றும் உண்டு.

தோற்ற நாய்மீது பரிதாபப்படுவது மூன்றாவது தவறு. இதைச் செய்யாத வீடே இராது. டைகர் காயத்தோடு முனகினால் வீட்டார் அதைத் தூக்கி மடியில் வைத்து, மணியை முடுக்கில் கட்டிப் போடுவார்கள். மணியின் கண்ணுக்கு என்ன தெரிகிறது? இந்தப் பயல் வந்ததிலிருந்து நமக்குக் கயிறு, அவனுக்கு மடி. முதல் குழந்தை இருக்கும் வீட்டில் கைக்குழந்தை வந்தால் பாட்டிமார் என்ன செய்வார்கள்? மூத்ததை அருகில் இழுத்து வைத்துக்கொண்டுதான் சின்னதைக் கொஞ்சுவார்கள். மூத்தாள் இளையாள் உள்ள வீட்டில் புடவை எடுக்கிறவன்கூட இரண்டாய்த்தான் எடுப்பான். அந்த விவேகம் நாய் விஷயத்தில் மட்டும் நமக்கு மறந்துபோகிறது.

செய்யக்கூடியது என்ன?

முதல் காரியம் சோறு. இரண்டு தட்டும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டாம். ஒன்று திண்ணையில், ஒன்று பின்முடுக்கில்; நடுவில் கதவு சாத்தியிருக்க வேண்டும். தின்று முடித்ததும் தட்டுகளை எடுத்துக் கழுவி வைத்துவிட வேண்டும். காலித் தட்டுக்கும் சண்டை வரும். கசாப்புக் கடையில் வாங்கிவந்த எலும்பை நடுவீட்டில் எறியும் வழக்கத்தை அன்றோடு விட்டுவிட வேண்டும். தனித்தனி இடத்தில் கொடுக்க முடியவில்லை என்றால் எலும்பே வேண்டாம்.

இரண்டாவது, எதையும் சும்மா கொடுக்காமல் இருப்பது. 'உட்கார்' என்றால் உட்கார வேண்டும். உட்கார்ந்த பிறகு சோறு. உட்கார்ந்த பிறகு கதவு திறக்கும். உட்கார்ந்த பிறகு தடவல். முன்னே பாய்ந்து வந்து முட்டுகிற நாய்க்கு அந்த நேரத்தில் ஒன்றுமில்லை. மேலே சொன்ன 38 ஜோடிகளில் இந்த முறையை ஒழுங்காகக் கடைப்பிடித்த வீடுகளில் மிகப் பெரும்பாலானவற்றில் நிலைமை சீரடைந்தது. ஒரு வாரம் இரண்டு வாரத்தில் பலன் தெரியவில்லை என்று கைவிடக் கூடாது, மாதக்கணக்கில் ஆகும். வீட்டில் ஐந்து பேர் இருந்தால் ஐந்து பேரும் ஒரே மாதிரி நடக்க வேண்டும். தகப்பன் 'உட்கார்' என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது பாட்டி ரகசியமாக மீன்தலையைப் போட்டால் பாடம் தலைகீழாகிவிடும்.

அந்த மருத்துவர்கள் சில வீடுகளில் இன்னொரு யோசனையையும் சொல்லிப் பார்த்தார்கள். மூத்த நாய்க்கு எல்லாவற்றிலும் முதல் மரியாதை: முதலில் சோறு, முதலில் கயிறு, முதலில் தடவல். இதற்கும் பலன் இருந்தது. ஆனால் முதல் முறை அளவுக்கு இல்லை. எந்த நாய் மூத்தது என்பதிலேயே வீட்டாருக்குள் வழக்கு வருவதும் உண்டு. மூத்தது வயதாகி வலியோடு இருக்கும்போது அதற்கு மகுடம் சூட்டி இளையதன் வழியில் நிறுத்துவது நல்லதல்ல. வரிசை எதுவாக இருந்தாலும் அது தினமும் மாறாமல் இருப்பதுதான் முக்கியம் என்று தோன்றுகிறது. இன்று மணி முதலில், நாளை டைகர் முதலில் என்றால் இரண்டும் தினமும் பரீட்சை எழுத வேண்டியிருக்கும்.

வேலை முடிந்து வீடு திரும்பும் கணக்கர் வாசலிலேயே குனிந்து இரண்டையும் கொஞ்ச வேண்டாம். பேசாமல் உள்ளே போய், கை கால் கழுவி, ஒரு வாய் காப்பி குடித்து, நாய்களின் துள்ளல் அடங்கிய பிறகு ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். மனசு கேட்காது. இரண்டு நாளில் பழகிவிடும்; அவருக்கும், நாய்களுக்கும்.

ஒவ்வொரு நாய்க்கும் ஒரு சொந்த மூலை வேண்டும். மேஜைக்கு அடியில் ஒரு சாக்கு, கட்டிலுக்கு அடியில் ஒரு சாக்கு என்றாலும் போதும். மற்ற நாயோ குழந்தையோ அங்கே போய்த் தொந்தரவு செய்யக் கூடாது. இரண்டையும் நாள் முழுவதும் எதிரெதிரே கட்டிப் போடுவது மிகக் கெட்டது. எட்டாத தூரத்தில் எதிரியைப் பார்த்துக்கொண்டே இருக்கும் நாயின் வெறி ஏறத்தான் செய்யும். ஒன்று முன்னால், ஒன்று பின்னால். கட்டினாலும் கண்ணில் படாமல் கட்ட வேண்டும்.

ஓடி அலையாத நாய்க்குச் சண்டைதான் பொழுதுபோக்கு. காலை ஐந்து மணிக்குக் கோட்டைச் சுவரோரம் போக்குவரத்து இல்லாத வேளையில், இரண்டு பேர் ஆளுக்கொரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு, முதலில் சாலையின் இரு பக்கமாகவும், சில நாள் கழித்துச் சற்று நெருங்கியும் நடத்திச் சென்றால், ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டே ஒரே திசையில் நடக்கும் பழக்கம் வந்துவிடும். தெரு நாய்கள் திரளும் முனையைச் சுற்றிக்கொண்டு போவது நல்லது.

கருத்தடை செய்தால் சண்டை நின்றுவிடுமா? இரண்டு கடுவன்களுக்குள் போட்டி என்றால் ஓரளவு குறையலாம். பெட்டைகளுக்குள் வந்த பகை அதனால் மட்டும் தீர்ந்துவிடும் என்று சொல்வதற்கில்லை. ஆனால் சூட்டுக்கால ரகளையும், வேண்டாத குட்டிகளைக் கோணியில் கட்டித் தெருவில் விடும் பாவமும் நின்றுபோகும் என்பதே போதிய காரணம்.

சண்டை மூண்டுவிட்டால்

கையை நடுவில் கொடுக்கக் கூடாது. கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுக்கக் கூடாது. சண்டையில் இருக்கும் நாய் எஜமானர் கை, எதிரி கழுத்து என்று பிரித்துப் பார்ப்பதில்லை. குழந்தைகளை முதலில் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்த வேண்டும். ஒரு பித்தளைத் தாம்பாளத்தைத் தரையில் ஓங்கிப் போட்டால் அந்தச் சத்தத்தில் ஒரு நொடி விலகும். இல்லாவிட்டால் ஒரு வாளித் தண்ணீர். அல்லது நடுவில் ஒரு பலகையை, பெஞ்சை இறக்கலாம். மேலே ஒரு கனத்த சாக்கைப் போடலாம். இரண்டு ஆட்கள் இருந்தால் ஆளுக்கொரு நாயின் பின்னங்கால்களைப் பிடித்துத் தூக்கிப் பின்னால் இழுக்கலாம். ஒற்றை ஆள் இதில் இறங்கக் கூடாது.

பிரித்த பிறகு அன்று முழுவதும் தனித்தனி. நாய்ப்பல் பட்ட காயம் வெளியே கடுகளவு தெரியும், உள்ளே ஆழமாக இருக்கும். மஞ்சளை அப்பி மூடிவிட்டால் உள்ளே சீழ் வைக்கும். மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மனிதருக்குக் கடி பட்டால் நாயின் வழக்கைப் பிறகு விசாரித்துக்கொள்ளலாம். உடனே குழாயடியில் சோப்புப் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். பிறகு நேரே ஆஸ்பத்திரி. 'நம்ம வீட்டு நாய்தானே' என்ற பேச்சே கூடாது. பகலெல்லாம் தெருவில் திரிந்து இரவில் திண்ணைக்கு வரும் நாயை யார் கடித்தது என்று நமக்குத் தெரியாது. ரத்தம் வந்த காயமானால் தடுப்பூசியோடு காயத்திலேயே போடும் சீரமும் வேண்டும். முகம், தலை, கழுத்து, விரல் நுனி ஆகிய இடங்களில் பட்ட கடிக்கு ஒரு மணி நேரம்கூடத் தாமதம் ஆகாது. 2025 ஏப்ரல், மே மாதங்களில் தடுப்பூசி போட்ட பிறகும் கேரளத்தில் குழந்தைகள் வெறிநோயால் இறந்த செய்திகள் நாட்டையே உலுக்கின. தடுப்பூசியைக் குறை சொல்லிச் சும்மா இருந்துவிட அது காரணமாகாது. நரம்புகள் நெருங்கிய இடத்தில் கடி பட்டால் கிருமி முந்திக்கொள்ளும் என்பதால் இன்னும் விரைந்து ஓட வேண்டும்.

ஒரு காலத்தில் நாய் கடித்தவர்கள் 1907-இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிலையத்துக்கு மலை ரெயில் ஏறிப் போனார்கள். பிறகு தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பயம் வந்தது. அந்தப் பழைய மருந்து இப்போது நாட்டில் கிடையாது. தோலில் போடும் முறையில் கடித்த அன்று, 3, 7, 28-ஆம் நாட்களில் கையில் ஊசி, அவ்வளவுதான். நடுவில் ஒன்றை விட்டுவிடக் கூடாது. அரசு ஆஸ்பத்திரியில் போட்டுக்கொள்ளலாம்.

லைசென்ஸும் வாடகை வீடும்

நாய்க்குத் தடுப்பூசிச் சான்றும் உள்ளாட்சி லைசென்ஸும் அவசியம். 2021 ஜூன் மாதம் திருவனந்தபுரத்தை அடுத்த அடிமலைத்துறைக் கடற்கரையில் புரூனோ என்ற வளர்ப்பு நாய் அடித்துக் கொல்லப்பட்டது. கேரள உயர் நீதிமன்றம் அதைத் தானாகவே வழக்காக எடுத்து, வழக்குக்கே அந்த நாயின் பெயரைச் சூட்டியது. வளர்ப்புப் பிராணிகளைப் பதிவு செய்யும்படி அறிவிக்கவும் அப்போது உத்தரவிட்டது. அதே வருடம் டிசம்பரில், குடியிருப்புச் சங்கங்கள் வளர்ப்புப் பிராணியே கூடாது என்று தடைபோட முடியாது என்றும் தீர்ப்புக் கூறியது. அதற்காக இரவெல்லாம் இரண்டு நாய்கள் சண்டையிட, பக்கத்து வீட்டார் தூங்காமல் இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. மற்றவர்களுக்குத் தொல்லை இல்லாமல் வளர்ப்பது வளர்ப்பவர் பொறுப்பு.

2025 நவம்பர் 7-ஆம் தேதி பள்ளிகள், ஆஸ்பத்திரிகள், பஸ் நிலையங்கள், ரெயில் நிலையங்களிலிருந்து தெரு நாய்களை அகற்றும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கிழக்கேகோட்டை பஸ் நிலையத்தின் அருகில் குடியிருந்துகொண்டு, கழுத்தில் பட்டை இல்லாமல் நாயை அவிழ்த்து விடுபவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம். பிடிக்க வருபவர்களுக்கு மணி யார் வீட்டுச் சோறு தின்கிறது என்று எப்படித் தெரியும்?

எல்லாம் செய்தும் சண்டை ஓயவில்லை. ரத்தக் காயம் தொடர்கிறது. வீட்டில் நடை பழகும் குழந்தை இருக்கிறது. அப்படியானால் ஒரு நாயை நல்ல இடம் பார்த்துக் கொடுத்துவிடுவதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஊரில் தோட்டமும் காவல் வேலையும் உள்ள உறவினர் வீட்டுக்கு ராஜபாளையத்தை அனுப்பலாம். அது ஓட இடம் கேட்கும் ஜாதி. தெருவிலிருந்து வந்த கிழட்டு மணியை யாரும் வாங்கமாட்டார்கள் என்பதையும் கணக்கில் வைத்து முடிவு செய்யலாம்.

ரெயிலில் கொண்டுபோக நினைப்பவர்களுக்கு: படுக்கை வசதிப் பெட்டியிலோ, இரண்டாம் வகுப்பிலோ, ஏ.சி. இரண்டடுக்கு மூன்றடுக்குப் பெட்டிகளிலோ நாயைக் கூட்டிச் செல்ல முடியாது. முதல் வகுப்பில் ஒரு கூப்பே முழுவதையும் எடுத்தால் உடன் வைத்துக்கொள்ளலாம். அது நமக்குக் கட்டுப்படியாகாது. மற்றபடி கார்டு வண்டியிலுள்ள நாய்க் கூண்டுதான். பார்சல் ஆபீசில் முன்கூட்டியே புக் செய்து, தடுப்பூசிச் சான்றும் கால்நடை மருத்துவரின் உடல்நலச் சான்றும் காட்ட வேண்டும். அதே ரெயிலில் உரிமையாளரும் பயணம் செய்து, சோறு தண்ணீர் கவனித்துக்கொள்ள வேண்டும். இரண்டு நாய்களையும் ஒரே கூண்டில் அடைத்து அனுப்பும் யோசனை வேண்டாம். நாகர்கோவில் வருமுன் ஒன்றுதான் மிஞ்சும்.

பண்டிகைக்கு ஒரு நாயை மட்டும் ஊருக்குக் கொண்டுபோய்த் திரும்பி வருபவர்களும், ஆஸ்பத்திரியில் சில நாள் விட்டு அழைத்து வருபவர்களும் அதை நேரே வாசலுக்குள் நுழைக்கக் கூடாது. வேறு வாடையோடு வரும் நாயை வீட்டிலிருப்பது அந்நியனாகவே நினைக்கும். வீட்டு நாயைக் கயிற்றில் பிடித்துத் தெருமுனைக்குக் கொண்டுவரச் சொல்லி, அங்கே சற்று விலகி நின்று, இரண்டையும் கொஞ்ச தூரம் சேர்ந்தாற்போல் நடக்கவைத்து, வந்தது முன்னாலும் இருந்தது பின்னாலுமாக உள்ளே அழைத்துக்கொள்ள வேண்டும். அன்று இரவுச் சோறு இரண்டுக்கும் தனித்தனி அறையில்.